தண்ணீர் விடும் முறையே முதல் மருந்து

இடம்பெயர்ந்து போகும் கமக்காரர் மண்வெட்டியையும் விதைமுடிச்சையும் கையோடு கொண்டு போகலாம். பழகிய மண்ணைக் கொண்டு போக முடியாது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்து போன குடும்பங்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே ஊர் ஊராக அலைந்த குடும்பங்களும் இதை அனுபவத்தில் கண்டவர்கள். இவர்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்பிவிட்டார்கள். வேறு சிலர் வழங்கப்பட்ட மாற்றுக் காணியிலும், உறவினரின் வளவிலும், குத்தகைக்கு எடுத்த துண்டுகளிலும் தோட்டம் செய்து வாழ்கிறார்கள். திரும்பியவர்களுக்கும் காணி பழையபடி இருக்கவில்லை. கிணறு தூர்ந்து, பற்றை மண்டி, இருபது வருடத் தரிசாகவே பலருக்கு அது கிடைத்தது.

இப்படிப்பட்ட காணியில் முதற்போகம் செய்யும்போது செடி வாடினாலும், இலை சுருண்டாலும், காய் அழுகினாலும் எம்மவர் முதலில் போவது மருந்துக் கடைக்கே. கடைக்காரர் தரும் போத்தலை அடித்துப் பார்ப்பதும், அது சரிவராவிட்டால் இன்னொன்றை வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. போகம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது மிளகாய் விற்ற காசு மருந்துக் கடனோடு போய்விடுகிறது. ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்துவந்த குடும்பத்துக்கு இது தாங்க முடியாத சுமை.

நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது ஒரு விடயத்தையே. தோட்டத்தில் வரும் பூச்சிகளிலும் நோய்களிலும் பல, நாம் தண்ணீர் விடும் முறையினால் வருகின்றன, அல்லது அதனால் பெருகுகின்றன. ஆகவே இறைப்பை ஒழுங்குபடுத்துவதே செலவில்லாத முதல் மருந்து. போத்தல் மருந்து கடைசியாக வரவேண்டியது.

மண்ணை அறிந்து இறைப்போம்

வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடப்பது. எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் கீழே வடிந்துவிடும். ஆகவே அங்கு பழகியவர்கள் பாத்தி நிரம்ப இறைத்தே பழகிவிட்டார்கள். வன்னியின் செங்கபில நிற மண் அப்படியானதல்ல. காய்ந்தால் கல்லைப்போல் இறுகும். நனைந்தால் பசைபோல் ஒட்டும். பள்ளமான இடங்களில் தண்ணீர் வடியாமல் நிற்கும். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மன்னார்க் கரையோர மணலில் நிலைமை இதற்கு எதிர்மாறு. காலையில் விட்ட தண்ணீர் மாலையில் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

எனவே ஊர் மாறும்போது இறைப்பும் மாறவேண்டும். மணலில் சிறிது சிறிதாக நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்ட ஒருநாள் விடவேண்டும். செம்மண்ணில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போதும். வன்னி மண்ணில் இடைவெளி இன்னும் சற்றுக் கூடலாம். ஆனால் அங்கு பயிரை அரை அடி உயர மேட்டுப்பாத்தியில் நட்டு, இடையே வடிகால் வாய்க்கால் விடவேண்டும்.

இறைக்கும் நாள் வந்துவிட்டதா என்பதை நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. மண்ணைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். செடிக்கு அருகே ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாகத் திரண்டு, மேலே எறிந்து பிடித்தாலும் உடையாவிட்டால் இன்று இறைக்கத் தேவையில்லை. உதிர்ந்தால் இறைக்கலாம். மணலில் இந்தச் சோதனை முழுமையாகப் பொருந்தாது. அங்கே அதே ஆழத்தில் ஈரம் விரலில் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். நடுப்பகல் வெயிலில் பூசணி, பாகல் இலைகள் தொங்குவதைக் கண்டு பதறவேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் வாட்டமே. விடியற்காலையிலும் தொங்கினால்தான் செடிக்குத் தண்ணீர் தேவை, அல்லது வேரில் நோய் இருக்கிறது.

எவ்வளவு தண்ணீர்?

கடும் கோடையில் நன்கு வளர்ந்த மரக்கறிப் பயிர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தண்ணீரைச் செலவிடும். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 250 சதுர மீற்றர். ஆகவே ஒரு பரப்புக்கு நாளுக்கு 1,250 லீற்றர் வேண்டும். 200 லீற்றர் பீப்பாவில் இது ஆறு பீப்பாவுக்குச் சற்று அதிகம். நான்கு நாளுக்கு ஒருமுறை இறைத்தால் 5,000 லீற்றர். நாற்று நட்ட முதற் கிழமைகளில் இதில் அரைவாசியும் தேவைப்படாது.

இயந்திரம் வைத்து இறைப்பவர்கள் ஒரு பீப்பா நிரம்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 300 லீற்றர் வருகிறது. அப்படியானால் ஒரு பரப்புக்கு 17 நிமிடம் போதும். வாய்க்காலில் சுவறிப் போவதற்காக இன்னும் சில நிமிடங்களைச் சேர்க்கலாம். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எண்ணெய்ச் செலவு. அத்துடன் அது நாம் போட்ட யூரியாவையும் கரைத்துக் கிணற்றுக்கே கொண்டுபோகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கு ஏற்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. அந்தத் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறும் என்பதும் நீங்கள் அறிந்ததே.

தண்ணீர் குறைந்தவர்கள் மூடாக்கை மறக்கக் கூடாது. வைக்கோல், சருகு, கிளிரிசீடியாக் குழை, கிழித்த பனையோலை என எது கிடைத்தாலும் செடியின் அடியை மூடுங்கள். தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் இடம் விட்டுப் போடவேண்டும். பூசணி, பாகல், புடோல் போன்ற கொடிகளுக்குக் குடமுறை மிக நல்லது. மினுக்கம் பூசாத மண்பானையைக் கழுத்துவரை தாழ்த்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டு, சுற்றிவர மூன்று நான்கு விதை ஊன்றுங்கள். பானையிலிருந்து கசியும் ஈரத்தை வேர் தேடிப்போய் எடுத்துக்கொள்ளும்.

கூடின தண்ணீரோடு வரும் நோய்கள்

நாற்றுமேடையில் நாற்றுகள் அடித்தண்டு சூம்பி விழுந்து மடிவது எல்லோரும் கண்ட காட்சி. இதற்குக் காரணம் மண்ணிலுள்ள பங்கசு. ஆனால் அதற்கு வழி திறந்துவிடுவது நெருக்கமாக விதைத்ததும், மாலையில் தண்ணீர் தெளித்து இரவு முழுதும் ஈரமாக வைத்திருப்பதும்தான். விதைக்குமுன் மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரியுங்கள். ஐதாக வரிசையில் விதையுங்கள். காலையில் மட்டும் பூவாளியால் தண்ணீர் விடுங்கள். இதனாலேயே பெரும்பாலான நாற்றுகளைக் காப்பாற்றலாம்.

தக்காளியும் கத்தரியும் பச்சையாக நின்றபடியே ஒரு நாளில் வாடி இறந்தால் அது பற்றீரியா வாடலாக இருக்கலாம். வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் பால்போன்ற இழை கீழ்நோக்கி வடிந்தால் சந்தேகமில்லை. இந்த நோய்க்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. வாய்க்கால் தண்ணீரோடு அது செடிக்குச் செடி போகும். நோயுள்ள செடியை வேரோடு கிளப்பி எரித்துவிட்டு, அந்தப் பாத்திக்குப் போகும் தண்ணீர் மற்றப் பாத்திக்குள் பாயாமல் மறியுங்கள். அடுத்த போகங்களில் அந்த நிலத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கையும் தவிர்த்துச் சோளம், வெங்காயம், பயறு போன்றவற்றைச் செய்யுங்கள்.

சின்ன வெங்காயத்திலும் இதே கதைதான். கூடின யூரியாவும் கூடின தண்ணீரும் சேர்ந்தால் தாள் கொழுத்து இலைநோய் வரும். கிண்டுவதற்கு ஒரு கிழமை, பத்து நாளுக்கு முன் இறைப்பை நிறுத்தாவிட்டால் வெங்காயம் கட்டிவைத்த இடத்திலேயே அழுகும்.

தண்ணீர் குறைந்தால் பெருகும் பூச்சிகள்

மிளகாய்ச் செடியின் இலைச்சுருளல் எம்மவரை அதிகம் கடனாளியாக்கிய தொல்லை. எல்லாச் சுருளலும் ஒன்றல்ல. இலையின் ஓரம் மேல்நோக்கி மடிந்து ஓடம்போல் இருந்தால் அது பனிப்பூச்சியின் வேலை. வறண்ட காலத்தில் இது பெருகும். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலை ஒடுங்கியிருந்தால் அது சிற்றுண்ணி. இலைகள் சிறுத்து மஞ்சளித்துச் செடியே குறண்டி நின்றால் அது வைரசு; அதைப் பரப்புவது வெள்ளை ஈ.

மூன்றுக்கும் ஒரே போத்தலை அடிப்பதனால்தான் பயன் கிடைப்பதில்லை. பனிப்பூச்சிக்கு முதலில் செடியை வாடவிடாமல் ஒழுங்காக இறைக்க வேண்டும். காலைவேளையில் இலை நனையத் தண்ணீர் தெளித்தாலும் பூச்சி குறையும். சிற்றுண்ணி பூச்சி இனமல்ல. ஆகையால் பூச்சிநாசினிகள் பல அதைக் கொல்வதில்லை. தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் கந்தகத் தூளே அதற்கு ஏற்றது. அதை வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும். பூசணி, வெள்ளரி இனங்களுக்கு அடிக்கவே வேண்டாம். வைரசு பிடித்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிப்பது மற்றச் செடிகளுக்குச் செய்யும் உதவி. நாற்றுமேடையை நெருங்கிய கண்ணுள்ள வலையால் மூடுவதும், மிளகாய் நடுவதற்குச் சில கிழமை முன்னரே தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரி சோளம் போடுவதும் வெள்ளை ஈயைத் தடுக்கும். வெண்டியில் வரும் மஞ்சள் நரம்பு நோய்க்கும் இவை பொருந்தும்.

கையால் செய்யக்கூடிய காவல்

கத்தரியில் குருத்துத் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் போய்விட்ட புழுவை மேலே அடிக்கும் மருந்து தொடாது. கிழமைக்கு இருமுறை தொங்கும் குருத்துகளைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி, துளைபட்ட காய்களோடு சேர்த்து எரித்துவிடுங்கள். பிள்ளைகள் பாடசாலை முடிந்து வந்து அரைமணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

பாகல், புடோல், பூசணி, வெள்ளரியில் பழ ஈ பிஞ்சிலேயே முட்டையிடும். புழு முற்றியதும் காயை விட்டு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக எழும்பும். அழுகிய காயை வேலி ஓரத்தில் எறிவது அடுத்த தலைமுறையை வளர்ப்பதற்குச் சமம். நாள்தோறும் பொறுக்கி, கறுத்தப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் தாழுங்கள். பூ வாடியதும் பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடிவிட்டால் ஈ தொடாது. பூசணி நாற்றைத் தின்னும் சிவப்பு வண்டு விடியற்காலையில் மந்தமாக இருக்கும். அப்போது கையால் பிடிக்கலாம். பனி ஈரத்தோடு இலையில் சாம்பல் தூவினாலும் விலகும்.

பழமரங்கள்

நீர்வேலி வாழைத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் வன்னியிலும் வாழை வைக்க ஆசைப்படுகிறார்கள். குட்டி கொண்டுபோகும்போது பீடையும் கூடப் போகிறது என்பதை நினைவில் வைத்திருங்கள். கிழங்கைச் சீவி, கறுத்த துளைகள் இல்லாத வெண்மை தெரிந்த பின்னரே நடுங்கள். இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும் வாழை குலை தராது. அந்த நோயை வாழையில் ஒட்டும் அழுக்கணவன் பரப்புகிறது. அப்படியான பற்றையைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும்; அதில் ஒரு குட்டியையும் அயலவருக்குக் கொடுக்க வேண்டாம்.

பப்பாசியின் அடியில் தண்ணீர் நின்றால் தண்டு அழுகும். பாத்தியைத் தண்டோடு ஒட்டாமல் வளையமாகக் கட்டுங்கள். மா, தோடை, எலுமிச்சைக்கும் தண்ணீர் தேவைப்படுவது அடிமரத்தில் அல்ல. கொப்புகளின் நிழல் விழும் ஓரத்தில்தான். காய்க்கும் மாமரத்துக்குப் பூப்பதற்கு முன் தண்ணீர் விடாமல் காயவிட வேண்டும். பிஞ்சு பிடித்தபின் இறைத்தால் உதிர்வு குறையும்.

பப்பாசியில் வெள்ளைப் பஞ்சுபோல் படரும் வெண்மூட்டுப்பூச்சி 2008 இல் கம்பகா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. எந்த மருந்துக்கும் அடங்காத அந்தப் பூச்சியை, 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து விவசாயத் திணைக்களம் கொண்டுவந்து விட்ட ஒரு சிறு குளவியே அடக்கியது. கண்ணுக்குத் தெரியாத இத்தகைய நண்பர்கள் எமது தோட்டத்திலும் இருக்கின்றனர். பொறிவண்டும் சிலந்தியும் தும்பியும் அவ்வாறானவையே. தேவையின்றி மருந்து அடிக்கும்போது முதலில் சாவது இவைதான்.

வேம்பும் நஞ்சும்

ஆனி, ஆடியில் விழும் வேப்பம்பழங்களைப் பொறுக்கி, தோல் நீக்கி, நிழலில் உலர்த்தி வையுங்கள். 500 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி 10 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துச் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். இது பூச்சியை உடனே விழுத்தாது. தின்பதையும் வளர்வதையும் தடுக்கும். பூச்சி குறைவாக இருக்கும்போதே தொடங்கி, கிழமைக்கு ஒருமுறை தெளித்தால் பயன் தெரியும்.

புகையிலைக் காம்புக் கசாயம் எம்மிடையே பழகியதுதான். ஆனால் அது கொடிய நஞ்சு; தோலினூடாகவும் உடலில் ஏறும். புகையிலையிலிருந்து வைரசு நோய் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றவும் கூடும். அதைக் கைவிடுவதே நல்லது.

எல்லாம் செய்தும் அடங்காவிட்டால் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, பாதிக்கப்பட்ட இலையையோ காயையோ விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தை மட்டும் வாங்குங்கள். சுட்டுத்துண்டில் உள்ள அளவையும், அடித்தபின் எத்தனை நாளுக்குக் காய் பறிக்கக் கூடாது என்பதையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டாவது வாசியுங்கள். காற்றுக்கு எதிராக நின்று அடிக்க வேண்டாம். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ எடுக்க வேண்டாம். மொனோகுரொட்டபொஸ், மெத்தமிடோபொஸ் என்பவை 1995 இலும் எண்டோசல்பான் 1998 இலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. அவை பறித்த உயிர்கள் ஏராளம். மனம் உடைந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கக் கூடாது. போத்தலைப் பூட்டிவைப்பதும், வீட்டில் மிச்சம் வைத்திராமல் தேவைக்கு மட்டும் வாங்குவதும் குடும்பத்துக்குக் காவல். ஒருவர் சோர்ந்து ஒதுங்கி இருப்பதைக் கண்டால் தனியே விடாமல் பேச்சுக் கொடுங்கள்.

கிணறு ஒன்று, குடும்பம் பல

1990 களில் மண்ணெண்ணெயும் யூரியாவும் வடக்கிற்கு வரத் தடையிருந்த காலத்தில் எமது கமக்காரர் துலாவுக்கும் குழைக்கும் திரும்பினார்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்வது திடீரெனத் தடுக்கப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. இடையில் நாடு முழுவதும் விளைச்சல் வீழ்ந்தது. வெளியிலிருந்து வரும் பொருளை மட்டும் நம்பிய தோட்டம் இப்படித்தான் ஒரே நாளில் நிலைகுலையும். தண்ணீரின் அளவும், கண்ணின் கவனமும், அயலவரின் ஒத்துழைப்பும் யாரும் தடைசெய்ய முடியாதவை.

ஈசாக்கு தன் தகப்பன் வெட்டிய கிணறுகள் தூர்க்கப்பட்டிருக்கக் கண்டு அவற்றை மீண்டும் தோண்டினார் என்று வேதத்தில் படிக்கிறோம். இரண்டு கிணறுகளைப் பற்றிச் சண்டை வந்தபோது அவர் விலகிப் போய் மூன்றாவதைத் தோண்டினார். எமக்கோ விலகிப் போய்த் தோண்ட இடமில்லை. இருக்கும் கிணற்றைப் பகிர்ந்துதான் ஆகவேண்டும். ஒரே கிணற்றைப் பாவிக்கும் குடும்பங்கள் ஒன்றாக இருந்து முறை எழுதிக்கொள்ளுங்கள். நாற்றுமேடைக்கும் பூ, பிஞ்சு பிடிக்கும் பயிருக்கும் முதலிடம் கொடுங்கள். குடிதண்ணீர் அள்ளும் நேரத்தில் இயந்திரம் ஓடக் கூடாது. கிணறு ஊறுவதற்கு ஓய்வு வேண்டும். மருந்தடிக்கும் தாங்கியைக் கிணற்றடியில் கழுவ ஒருவரையும் விடாதீர்கள். நெடுங்காலம் கைவிடப்பட்ட காணியிலுள்ள தூர்ந்த கிணற்றில், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகும்வரை இறங்க வேண்டாம்.

பீடைக்கும் வேலி கிடையாது. ஒருவர் அழுகிய காயைப் புதைத்து மற்றவர் எறிந்துவிட்டால் இருவரது பாகலும் போகும். கிழமையில் ஒருநாள், ஒரே காலையில், அயற்குடும்பங்கள் எல்லாம் தத்தம் தோட்டத்தில் வாடிய குருத்து, அழுகிய காய், வைரசுச் செடி ஆகியவற்றை அகற்றுவதென்று முடிவுசெய்யுங்கள். இந்தக் கிழமை அதைத் தொடங்கலாம். இறைக்கப் போகுமுன் ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதையும் இந்தக் கிழமையே தொடங்கலாம்.